பிஸ்கட் தின்று இறக்கிய விலை

பேரம் பேசும்போது பாண்டெலிஸ் வாயைத் திறக்க மாட்டார். அவருடைய வித்தையே அதுதான். கிரேக்கர்கள் குடியேறிய அந்தக் கடற்கரை ஊரின் படகுத்துறையில் முப்பது வருஷமாகக் கடற்பஞ்சும் ஆலிவ் சோப்பும் விற்கிற கடை அவருடையது. முக்குளிக்கிறவர்கள் பஞ்சைக் கொண்டுவந்து கொட்டி ஒரு விலை சொல்வார்கள். இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்னவனுக்கே சந்தேகம் வந்து ஒரு படி இறங்குவான். இவர் இன்னும் கடலைத்தான் பார்ப்பார். மூன்றாவது படி இறங்கிய பிறகு, ஏதோ அவன்மேல் இரக்கப்பட்டதுபோலத் திரும்பித் தலையாட்டுவார்.

அதனால்தான் லெஃப்தெரிஸ், தன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடற்கரையில் ஒரு வீடு வாங்க நினைத்தபோது, தரகர் யாரையும் தேடவில்லை. ஒஹையோவிலிருந்து ஒரே ஒரு போன் போட்டார். "கும்பாரே, நீ பாத்து முடி. நான் கண்ணை மூடிட்டுப் பணம் அனுப்புறேன்."

கும்பாரே என்றால் சும்மா கூப்பிடுகிற பேர் இல்லை. லெஃப்தெரிஸின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று எண்ணெய் பூசிய குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் பாண்டெலிஸ். கிரேக்கர்களுக்குள் அந்த உறவு அண்ணன் தம்பிக்கும் ஒரு பிடி மேல். அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு போகலாம். கும்பாரே அப்படிப் போக முடியாது, சாமி முன்னால் ஏற்பட்ட கட்டு அது.

லெஃப்தெரிஸ் முப்பத்து நாலு வருஷம் பாலங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஆற்றுக்கு முந்நூறு அடி மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு சம்பாதித்த காசு. இனி கடல் மட்டத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. கடல் மட்டம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் பாண்டெலிஸ்.

விற்றவள் லொரேன் என்கிற மூதாட்டி, எண்பத்தொரு வயது. புருஷன் போன பிறகு மின்னசோட்டாவில் மகனோடு இருக்கப் போகிறாள். கேட்ட விலை நாலு லட்சத்துப் பத்தாயிரம் டாலர். பாண்டெலிஸ் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார், அவள் வைத்த ஓட்ஸ் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்தார், ஜன்னல் பக்கம் திரும்பி வழக்கமான வேலையை ஆரம்பித்தார். ஆனால் அவர் ஆரம்பிக்கு முன்பே அவள் முடித்துவிட்டாள். அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் உறையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"விலையைப் பேசுறதுக்கு முன்னாடி இதை நீங்க பாக்கணும். சர்வேயர் அளந்து கொடுத்த தாளு. வெள்ளம் வந்தா இவ்வளவு உயரம் ஏறும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க இல்ல, இந்த வீட்டுத் தரை அதுக்கு மூணடி கீழ இருக்கு. வரைபடத்துல ஆபத்தான மண்டலம். ரெண்டு வருஷம் முன்னாடி தண்ணி உள்ள வந்துச்சு." குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "இது வரைக்கும்."

பாண்டெலிஸ் பிஸ்கட்டை மென்றார்.

"பயப்பட வேண்டாம், நனைஞ்சதெல்லாம் மாத்திட்டேன். என்கிட்ட வெள்ள இன்சூரன்ஸ் இருக்கு. ரொம்ப நாளா வச்சிருக்கிறதால வருஷத்துக்கு ரெண்டாயிரத்து நூறுதான். வீட்டோட சேத்து அதையும் உங்க நண்பர் பேருக்கு மாத்திரலாம், அதே ரேட்டுல. புதுசாப் போட்டா மூணு மடங்கு கேப்பாங்க. இந்த உறையை அவர்கிட்டக் கட்டாயம் கொடுங்க, சரியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எதிராளி தன் சரக்கின் ஓட்டையைத் தானே பாண்டெலிஸுக்குக் காட்டிக் கொடுத்தாள். அவர் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். அவளே விலையை இறக்கினாள். மூன்று லட்சத்து ஐம்பதாயிரத்தில் வந்து நின்றது. அறுபதாயிரம் குறைத்தது அந்தத் தாள்தான், இவர் மௌனம் இல்லை. இது அவருக்கும் தெரியும்.

காரில் ஏறி லெஃப்தெரிஸுக்குப் போன் போட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் போட்டார். விலையைச் சொன்னதும் மறுமுனையில் அந்த மனிதர் கத்திய கத்து ஒஹையோவிலிருந்து போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"அறுபதாயிரமா! அடப்பாவி, என்னடா பண்ணினே அந்தக் கிழவியை?"

"ஒண்ணும் பண்ணல. ரெண்டு பிஸ்கட் தின்னேன். ஒண்ணு முப்பதாயிரம்."

நாக்கு அதுவாகச் சொன்ன வேடிக்கை. லெஃப்தெரிஸ் சிரித்த சிரிப்பில் அந்த உறைக்கு இடமே இல்லாமல் போனது. நாளைக்குச் சொல்லலாம் என்று பாண்டெலிஸ் அதை வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளினார். மறுநாளுக்குள் பிஸ்கட் கதை ஒஹையோ கோயில் கூடம் வரை போய்விட்டது. அங்கிருந்து ஒருவர் இவருக்கே போன் போட்டு, "நமக்கும் ஒரு வீடு பாருங்களேன், வேணும்னா கேக்கே வாங்கித் தரோம்" என்றார்.

லெஃப்தெரிஸ் கையெழுத்து அதிகாரத்தை இவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரம் முடிகிற அன்று, வெள்ளம் வந்த விவரம் சொல்லப்பட்டது என்கிற தாளில் வாங்குபவருக்காக இவரே கையெழுத்துப் போட்டார். லொரேன் பாலிசி மாற்றும் படிவத்தை நீட்டினாள். "அவர் ரொக்கமா வாங்குறார், அம்மா. பேங்க் கடன் இல்ல. அவருக்குத் தேவைப்படாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பாலிசி வந்தால் கூடவே கேள்வி வரும். கேள்வி வந்தால் கதை போகும். அந்த ஊர்க் கதையில் அவர் இப்போது பெரிய மனிதர்.

ஏப்ரலில் லெஃப்தெரிஸும் மனைவி தெமெலினாவும் வந்து இறங்கினார்கள். காபிக் கடையில் லெஃப்தெரிஸ் புது ஆள் யாரைப் பார்த்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதையை ஆரம்பிப்பார். கிழவி எப்படி முழித்தாள், கும்பாரே எப்படிக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்காமல் கடித்தார் என்று நடித்தே காட்டுவார். அவர் அங்கே இருந்ததே இல்லை. பக்கத்தில் பாண்டெலிஸ் காபிக் கோப்பையின் அடியில் படிந்த மண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்பார் லெஃப்தெரிஸ்.

தெமெலினா மட்டும் ஒருமுறை கேட்டாள். "ஏன் கும்பாரே, கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கே. இன்சூரன்ஸ் வேண்டாமா?"

"கடன் கொடுத்த பேங்க்குதாம்மா அதைப் போடு போடுன்னு கழுத்தைப் பிடிக்கும். உங்க கழுத்துல யாரு கையும் இல்லையே." சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆகஸ்டில் ஒரு பௌர்ணமி. மழை ஒரு துளி இல்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் தெருவோரச் சாக்கடை மூடிக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்து மேலே வந்து தெருவில் பரவியது. அதில் ஒரு குட்டி மீன் நீந்திக்கொண்டு தெமெலினாவின் தபால் பெட்டி வரைக்கும் போயிற்று. அவள் புருஷனை அப்போதே காரில் ஏற்றினாள். வழியில் கடைக்கு வந்து பாண்டெலிஸையும் ஏற்றிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ்காரியிடம் பேரம் பேச ஆள் வேண்டாமா?

இன்சூரன்ஸ்காரி எவ்தோகியா அதே ஊர்ப் பெண். சின்ன வயதில் பாண்டெலிஸ் கடையில் சோப்பு அடுக்கியவள். கம்ப்யூட்டரில் முகவரியைத் தட்டினாள், ஏதேதோ கேட்டாள், கடைசியில் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "வருஷத்துக்கு ஆறாயிரத்து எண்ணூறு."

லெஃப்தெரிஸ் கையைக் கட்டிக்கொண்டு, மல்யுத்தம் பார்க்க வந்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். "ஆரம்பி கும்பாரே."

வேறு வழியில்லாமல் பாண்டெலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கடல் இல்லை, கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.

"என்ன மாமா பாக்குறீங்க? உங்க காரை யாராவது இடிச்சிட்டாங்களா?" என்றாள் எவ்தோகியா. "நாளைக்கு வரைக்கும் பேசாம இருந்தாலும் இது இறங்காது. அரசாங்கம் வச்ச ரேட்டு. எங்கம்மாவுக்கே ஒரு சென்ட்டு குறைச்சதில்ல நான்."

"எதுக்கு இவ்வளவு?" என்றாள் தெமெலினா.

"தரை தாழ்வா இருக்கு அத்தை. வெள்ளம் ஏறுற மட்டத்துக்கு மூணடி கீழ. முன்னாடி ஒரு தடவை தண்ணி உள்ள போயிருக்கு போல." அவள் தயங்கினாள். "வித்தவங்க ஒண்ணும் சொல்லலையா? அவங்க பாலிசி வச்சிருந்தா அப்படியே உங்க பேருக்கு மாத்தி இருக்கலாமே. பழைய ரேட்டு, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். ஆனா வீடு கை மாறுறப்பவே செஞ்சிருக்கணும். இப்ப முடியாது."

லெஃப்தெரிஸின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "தண்ணி உள்ள போயிருக்கா?" மேசையில் ஒரு குத்து விட்டார். "கிழவி! பல்லைக் காட்டிக் காட்டி, பிஸ்கட்டைத் தின்னக் கொடுத்து ஏமாத்திட்டாளே! நாம என்னமோ அவளை மடக்கிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். அவ நம்மளை மடக்கியிருக்கா. திருடி!"

"கத்தாதே," என்றார் பாண்டெலிஸ்.

"ஏன் கத்தக் கூடாது? உன்னையும்தானே ஏமாத்தினா! உனக்குக் கோவம் வரலையா? தெமெலினா, கொண்டு வந்த பத்திரத்துல அவ நம்பர் இருக்கும். போடு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பாண்டெலிஸுக்குத் தெரிந்தது. எண்களைத் தெமெலினா ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு வாய்ப்பு. பத்து வாய்ப்பையும் விட்டுவிட்டு, லொரேன் எடுக்க மாட்டாள், எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். லெஃப்தெரிஸ் தன் பேரைச் சொன்னார்.

"லெஃப்தெரிஸா! எவ்வளவு சந்தோஷம்! எலுமிச்சை மரம் காய்க்குதா?" மேசை நடுவில் கிடந்த போனிலிருந்து குரல் கணீரென்று வந்தது.

"எலுமிச்சை கிடக்கட்டும். வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை ஏன் மறைச்சீங்க?"

"மறைச்சேனா? நான் சொன்னேனே."

"யாருகிட்டச் சொன்னீங்க? எனக்குத் தெரியாது. என் கும்பாரே இங்கதான் இருக்கார். அவருக்கும் தெரியாது."

பாண்டெலிஸ் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் ஒரு மஞ்சள் உறை..." குரல் இப்போது கணீரென்று இல்லை. "கொடுத்ததா ஞாபகம். மேசையில வச்சேன். வச்சேனா? ஒருவேளை கொடுக்கணும்னு நினைச்சு... ஐயோ. எனக்கு இப்பல்லாம் கொஞ்சம் மறதி. மகன் சொல்றான், நான் நம்புறதில்ல. மன்னிச்சிருங்க. நான் அப்படிப்பட்டவ இல்ல. உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்? நான் அனுப்பிடறேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன், என் மகனுக்குச் சொல்லிராதீங்க. பக்கத்து ரூம்லதான் இருக்கான். ஏற்கெனவே என்னை எங்கியோ ஹோம்ல சேக்கறதுக்கு இடம் பாத்துட்டிருக்கான்."

"நீங்க சொன்னீங்க, லொரேன்."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். பாண்டெலிஸ் போனைப் பார்த்தே பேசினார். ஏனென்றால் வேறு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"நான் பாண்டெலிஸ். நீங்க எல்லாமே சொன்னீங்க. முழங்காலைத் தொட்டுக் காட்டினீங்க. உறையைக் கொடுத்தீங்க, அது என் வண்டி சீட்டுக்கு அடியில கிடக்கு. பாலிசியை மாத்தித் தரேன்னு சொன்னீங்க, நான்தான் வேண்டாம்னேன். உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல."

மறுமுனையில் அந்தக் கிழவி, "அப்பாடா" என்றாள். "ரொம்ப நன்றிங்க. பயந்தே போயிட்டேன். ரொம்ப ரொம்ப நன்றி."

நன்றி சொன்னாள். அவள் திட்டியிருந்தால் பாண்டெலிஸ் எழுந்து நின்று வாங்கிக்கொண்டிருப்பார். இந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தெமெலினா மெதுவாகப் போனை அணைத்தாள். எவ்தோகியா அவசரமாகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வேலை இருக்கிறவள்போல எதையோ தட்டினாள்.

"ஏன்டா?" என்றார் லெஃப்தெரிஸ். அவ்வளவுதான் கேட்டார்.

"நீ அவ்வளவு சந்தோஷமாச் சிரிச்சே." சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சரக்கு என்று பாண்டெலிஸுக்கே தெரிந்தது.

லெஃப்தெரிஸ் எவ்தோகியாவிடம் திரும்பினார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"இங்க மாமா. ஆனா முப்பது நாள் கழிச்சுத்தான் பாலிசி செல்லும். செப்டம்பர் பத்தொன்பது. அதுக்குள்ள ஏதாவது வந்தா..."

"போடு," என்றார். முழு விலைக்கும் செக் எழுதினார். வெளியே வந்ததும் பாண்டெலிஸைக் கடை வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அந்த வழி முழுக்க யாரும் பேசவில்லை. எதிராளியின் மௌனத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பாண்டெலிஸ் அன்றுதான் அறிந்தார்.

செப்டம்பர் பதினொன்றில் வளைகுடாவில் புயல். பதினைந்தில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். பாண்டெலிஸின் வீடு உள்ளே தள்ளி, மேட்டில் இருந்தது. வெள்ள வரைபடத்தின் எந்த மண்டலத்திலும் அது வராது. அதை வாங்கும்போது அவர் அந்த வரைபடத்தை மூன்று தடவை படித்தவர். மனைவியிடம் காலையிலேயே மூன்று அறைகளிலும் படுக்கை விரிக்கச் சொன்னார். லெஃப்தெரிஸுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மத்தியானம் வீட்டுக்கே போனார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது, கார் இல்லை.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில்தான் அவர்களைக் கண்டுபிடித்தார். இருநூறு மடக்குக் கட்டில்கள். அங்கே இருந்தவர்கள் யாருக்கும் ஊரில் வேறு நாதி இல்லை. அவர்களுக்கு நடுவில் தெமெலினா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாண்டெலிஸ் போய் நின்றார்.

"வீடு தயாரா இருக்கும்மா. வாங்க."

"இங்க நல்லாத்தான் இருக்கு கும்பாரே. இந்த இடம் எவ்வளவு உயரம்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்காங்க. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா முழுச் செலவும் என்னுது. இன்சூரன்ஸ் பணமும் வருஷா வருஷம் நானே கட்டிடறேன்."

"ஆறாயிரத்து எண்ணூறா?" தெமெலினா நிமிர்ந்து பார்த்தாள். "முதல்ல சொல்ற விலையிலயே முடிச்சிக்கலாம்னு பாக்குறீங்களா? உங்களுக்கா இது தெரியாது? இன்னும் மேல சொல்லுங்க கும்பாரே. நான் அந்தச் சுவத்தைப் பாத்துட்டிருக்கேன்." நிஜமாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லெஃப்தெரிஸ் சிரிக்கவில்லை. ரேடியோவைக் காதில் ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அலை ஆறடி ஏறலாம் என்றார்கள். பிறகு புயல் வடக்கே திரும்புகிறது, நாலடி என்றார்கள். அவர் உதடுகள் எதையோ கணக்குப் போட்டன, தரையா, வாசற்படியா என்று. சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது சூப்புக் கிண்ணத்தோடு காபிக் கடை ஸ்தமாத்திஸ் வந்தார். அவர் வீடும் தாழ்வில்தான்.

"அட, பிஸ்கட்காரரா!" என்றார் ஸ்தமாத்திஸ். "லெஃப்தெரி, மேட்டுல மூணு அறை காலியா வச்சிருக்கிற கும்பாரே இருக்கறப்ப நீ ஏன்யா இந்தக் கட்டில்ல முதுகை ஒடிச்சிக்கிற?"

லெஃப்தெரிஸ் ரேடியோவை இறக்கினார். "அவர் வீட்ல இடமில்ல. மனைவி பக்கத்துச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. பாவம், அவர் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தார்."

பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர். காது மடல் வரை சிவந்துவிட்டது. சாமி முன்னால் நின்றவனின் பேரைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் வாயை அழுக்காக்கிக்கொண்டதைப் பாண்டெலிஸ் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்தமாத்திஸ் நம்பியிருப்பார்.

"யாரும் வரல," என்றார் பாண்டெலிஸ். "மூணு அறையும் காலியாத்தான் இருக்கு. இவங்க வர மாட்டேன்னுட்டாங்க. நியாயம்தான்." பிறகு சொன்னார். கிழவி சொன்னது, உறை, பாலிசி, முப்பது நாள், இன்னும் நாலு நாள் பாக்கி. பிஸ்கட் கதையைச் சொல்ல லெஃப்தெரிஸுக்குக் கால் மணி நேரம் ஆகும். இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த கட்டில்களில் பேச்சு நின்றிருந்தது. ஸ்தமாத்திஸ் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"அந்தக் கிழவி என்ன சொன்னா?" என்று கடைசியில் கேட்டார்.

"நஷ்டப் பணத்தை அனுப்பட்டுமான்னு கேட்டா."

ரேடியோ மட்டும் காற்றின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. தெமெலினா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். பாண்டெலிஸ் நடுவில் நின்றார். போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

"உக்காரு கும்பாரே," என்றார் லெஃப்தெரிஸ், ரேடியோவை மறுபடி காதுக்குக் கொண்டுபோய்க்கொண்டே. "எல்லாரும் பாக்குறாங்க."

கட்டிலில் இடம் இருந்தது. பாண்டெலிஸ் தரையில் உட்கார்ந்தார். மூன்று பேருமாக, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று ரேடியோவில் கேட்க ஆரம்பித்தார்கள்.